ஆர்.எஸ்.எஸ்.: டிரவுசர் போடாதது

எங்கள் எளாவூரில் ஆர்.எஸ்.எஸ். என்றால் பழைய காக்கி டிரவுசரைத்தான் தேடுவார்கள். இது அந்தச் சங்கதி இல்லை. இணையதளத்தில் புதுசாக என்ன வந்திருக்கிறது என்று நாம் போய்ப் போய் எட்டிப் பார்க்காமல், வந்தவுடன் அதுவே நம் வாசலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போகிற ஏற்பாடு. தமிழில் செய்தியோடை என்று பேர் வைத்தார்கள்.

1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் கம்பெனியில் டேன் லிபியும் ராமநாதன் குஹாவும் சேர்ந்து இதைப் பெற்றெடுத்தார்கள் என்கிறது சரித்திரம். குஹா சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்தவர். மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்குத் தாவும் நம்ம ஊர் திருப்பணிக்கு அவரை முன்னோடி என்றே சொல்லலாம்.

ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில் புதுச்சேரிப் பக்கம் வீராம்பட்டினத்தில் இந்த வேலை மைக் செட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராம அறிவு மையம் வைத்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்காள விரிகுடாவின் அலை உயரக் கணிப்பு இருக்கும். அதைத் தினமும் இறக்கி, தமிழாக்கி, குழாய் ஸ்பீக்கரில் ஊருக்கே அறிவிப்பார்கள். தொழிலுக்குப் போவதா, கரையிலேயே வலை பின்னுவதா என்று அதைக் கேட்டு முடிவு செய்யலாம். 1971 போரில் நம்மை மிரட்ட இதே கடலுக்கு எண்டர்பிரைஸ் போர்க்கப்பலை அனுப்பிய அதே கடற்படை! முப்பது வருஷம்கூட ஆகவில்லை, கட்டுமரத்துக்கு அலை பார்த்துச் சொல்லும் உத்தியோகத்துக்கு வந்துவிட்டது. சம்பளமும் கிடையாது.

இந்த ஓடைக்குப் பாஸ்வேர்டு இல்லை. காது இருந்தால் சந்தாதாரர். வேண்டாம் என்றால் ஊரைவிட்டுத்தான் போக வேண்டும். விளையாட்டில்லை, 2004 சுனாமி அன்று பக்கத்து நல்லவாட்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போனை நம்பி, இதே மாதிரி மையத்து ஸ்பீக்கரில்தான் ஊரை ஓடச் சொன்னார்கள். ஜனம் தப்பியது.

கலிபோர்னியாவில் கதை வேறு. நெட்ஸ்கேப் பிள்ளையைத் தெருவில் விட்டதும் உரிமை கொண்டாட இரண்டு கோஷ்டி கிளம்பியது. 2000 டிசம்பரில் மென்பொருள்காரர் டேவ் வைனர் தன் பதிப்பு 0.92 என்றார். அதே மாதம் எதிர்கோஷ்டி 1.0 என்றது. அதில் மீசை முளைக்காத 14 வயசு ஆரன் ஸ்வார்ட்ஸும் உண்டு. பெரியவர்கள் அவரைவிடச் சின்னப்பிள்ளைத்தனமாக அடித்துக்கொண்டார்கள். 2002-ல் 2.0 வந்தது. 1.0-வின் வாரிசு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள், அது 0.92 பெற்ற பிள்ளை, 1.0 பங்காளி வீடு. சலித்துப்போனவர்கள் ஆட்டம் என்று மூன்றாவது கட்சி தொடங்கினார்கள்.

பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் விழுகிற நல்ல இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தீர்ப்பார்கள். அங்கேயும் ஊருக்கு ஊர் தகராறு வரும்தான். இருந்தாலும் நாளைக்கு யார் பாடு என்று குழந்தைக்கும் தெரியும். வைனர் கோஷ்டியை ஒரு வாரம் அங்கே பஞ்சாயத்தில் உட்காரவைத்திருந்தால் உலகத்துக்கு ஒரே ஒரு ஆர்.எஸ்.எஸ். போதுமாக இருந்திருக்கும்.

தமிழர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? 2004-ல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் தொடங்கினார். எழுதுகிறவர்களின் ஓடைகளையெல்லாம் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து கொட்டிய திரட்டி அது. தன் இடுகை முகப்பில் வந்துவிட்டதா என்று எழுதியவரே நிமிஷத்துக்கு ஒருதரம் போய்ப் பார்த்ததால், போய்ப் பார்க்காமலிருக்க வந்த கருவியைப் போய்ப் பார்க்கவே உபயோகித்த ஒரே இனம் நாம்தான்.

2005-ல் வந்த கூகுள் ரீடர், ஊரையெல்லாம் பழக்கிவிட்டு 2013 ஜூலை 1-ல் கடையைச் சாத்தியது. ஓடை செத்தது என்று ஒப்பாரி வைத்தவர்கள், அழுகையை ஆற்றப் பாட்காஸ்ட் கேட்டார்கள். அது ஓடுவதே ஆர்.எஸ்.எஸ்.ஸில்தான். மிச்சப் பேர் ஃபேஸ்புக்குக்குப் போனார்கள். அங்கே கேட்டது வராது, கேட்காதவர் வீட்டு வளைகாப்பு வரும்.

அது வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி. உங்களுக்குப் பிடித்த தளம் வேர்ட்பிரஸ்ஸில் நடப்பதாக இருந்தால், முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் ஃபீட் என்று அடியுங்கள். பெரும்பாலும் ஓடை அங்கேதான் இருக்கும். அந்த முகவரியை ஏதாவது ஒரு ரீடர் செயலியில் ஒட்டிவிட்டு உங்கள் ஜோலியைப் பாருங்கள்.