மூடியவரே முதல் ஆலோசகர்

கேள்வி: பெயர்பெற்ற நிறுவனத்தின் ஃபிரான்சைஸ் எடுக்க விரும்புவோர் முதலில் யாரிடம் விசாரிக்க வேண்டும்?

பதில்: அதே ஃபிரான்சைஸை எடுத்து, நடத்தி, மூடியவரிடம். ஃபிரான்சைஸ் என்பது ஒரு நிறுவனம் தன் பெயரையும் தொழில்முறையையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறர் பயன்படுத்தக் கட்டணம் பெற்று அளிக்கும் உரிமை. அதை விற்க வருபவர் கூட்டம் அலைமோதும் கிளைகளையே காட்டுவார் என்பதால், விலகியவரின் சொல்லுக்கே எடை அதிகம். அமெரிக்காவில், ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு 14 நாட்களுக்கு முன்பே 23 பகுதிகள் கொண்ட விவர ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பது கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி. அதன் 20ஆம் பகுதியில், முந்தைய நிதியாண்டில் விலகியோரின் பெயர்ப்பட்டியலே இருக்கும். இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் போன்ற பொதுச்சட்டங்களே துணை என்பதால், வாங்குபவரே அப்பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும். தர மறுத்தால், மறுப்பே விடை.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தையும் கவனிக்க வேண்டும். ராயல்டி, அதாவது பெயரைப் பயன்படுத்துவதற்கான தொடர் கட்டணம், பெரும்பாலும் லாபத்தின் மீதல்ல, விற்பனையின் மீதே கணக்கிடப்படுகிறது என்பதைப் பலர் கையெழுத்திட்ட பிறகே உணர்கிறார்கள். மாதம் 5 லட்சம் ரூபாய்க்கு விற்று, வாடகையும் சம்பளமும் போகக் கையைக் கடித்தாலும், 6 விழுக்காடு ராயல்டி என்றால் 30,000 ரூபாயை எடுத்துவைத்தே ஆக வேண்டும். அடுத்த தெருவில் அதே பெயரில் இன்னொரு கடை திறக்கப்படாது என்ற உறுதியும் வாய்மொழியாக அன்றி ஒப்பந்தத்தில், எல்லை குறித்து, எழுதப்பட்டிருக்க வேண்டும்.