ஜேசிபி ஓட்டுநர்களைக் கௌரவத் தொல்லியலாளர்களாக நியமிக்கக் கோரி

பெறுநர்: பெங்களூரு பொம்மனஹள்ளியைத் தோண்டும் எல்லாத் துறை அதிகாரிகளும் (குடிநீர், சாக்கடை, மின்சாரம், கேபிள், இனி வரப்போகிறவர்கள்)

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

கீழடியில் குழிக்கு எண் கொடுத்து, மண்ணைச் சுரண்டி, தூரிகையால் துடைத்து வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்களோ ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து, பால்காரர் வருவதற்குள் ஜல்லியும் கொட்டிவிடுகிறீர்கள். இந்த வேகத்தை மெச்சவே இக்கடிதம்.

தோண்டும் இடமும் லேசுப்பட்டதல்ல. பக்கத்துப் பேகூர் நாகேஸ்வரர் கோயிலில், பெங்களூருவில் நடந்த சண்டையில் மாண்ட ஒருவரைப் பற்றி கி.பி. 890 வாக்கில் எழுதிய கல்வெட்டு இருக்கிறது. மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில், வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைப் பேசும் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு. நடுவில் இருக்கும் நம் மண்ணில் மட்டும் அத்தனை நூற்றாண்டும் ஒரு சட்டிகூட உடையவில்லை என்று கண்டுபிடித்த உங்கள் பொறியாளருக்கு வணக்கம்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குத் தடை. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். 301-ஆவது மீட்டரில் கங்கரும் சோழரும் போசளரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லச் சொல்கிறது. பத்து ரூபாய் என்பது இன்று எங்கள் தெருமுனையில் பை-டூ டீயில் ஒரு பங்கு. நடுகல்லைத் துவைக்கிற கல் என்று கணக்கெழுதிவிட்டால் பயமில்லை.

2012-இல் மெட்ரோவுக்குத் தோண்டியபோது பெங்களூரு கோட்டைப் பக்கம் பீரங்கிகள் கிடைத்தன. பீரங்கி பக்கெட்டில் இடித்தால் ஓட்டுநருக்கே தெரியும். பானை ஓடு இடித்தால்? ஹெப்பாளில் 2018-இல் வடிகால் தோண்டும்போது வெளிவந்த, கிட்டய்யா என்ற வீரனின் நடுகல் சுமார் கி.பி. 750-ஐச் சேர்ந்தது. கல்வெட்டுப் பித்துப் பிடித்த சில குடிமக்கள் ஊரில் இருந்ததால் பிழைத்தது. அரசாணை எதுவும் அதைக் காப்பாற்றவில்லை.

இங்கிலாந்தில் பழம்பொருள் கிடைக்கக்கூடிய இடமென்றால் பல்லில்லாத பக்கெட்டை மாட்டி மண்ணை மெல்லிசாகச் சீவுவார்கள். பக்கத்தில் ஒருவர் கண்கொட்டாமல் நிற்பார். மண்ணின் நிறம் மாறினால் கையைத் தூக்குவார், இயந்திரம் நின்றுவிடும். லண்டன் கிராஸ்ரெயில் ரயில்பாதைக்குத் தோண்டியபோது பத்தாயிரத்துக்கு மேல் பொருள்கள் எடுத்தார்கள். (ரயில் வரத் தாமதமானது உண்மை. பழி சிக்னல் மென்பொருள் மேல். தோண்டியெடுத்த மண்டையோடுகள் மேல் யாரும் போடவில்லை.)

அப்படி ஓர் ஆளுக்கு நம்மிடம் நிதி இருக்காது என்பது தெரியும். ஆகவே ஓட்டுநருக்கே பதவி கொடுங்கள். எப்படியும் முதலில் பார்ப்பவர் அவர்தான். கூடவே, வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்ப ஒரு தொலைபேசி எண்ணும், நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கமாட்டோம் என்று ஒப்பந்ததாரரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கித் தாருங்கள்.

எங்கள் தெருக் குழியை வெள்ளிக்கிழமை மூடுகிறார்களாம். அதற்குள் உத்தரவு வராவிட்டாலும் பாதகமில்லை. அடுத்த மாதம் கேபிள்காரர்கள் திறப்பார்கள்.

இப்படிக்கு,
குழிக்கு எதிர்வீட்டுக்காரன்