நித்திய பரீட்சார்த்தி

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்கு ஓடும் ஏ-4 பெருவீதியில், றப்பர் மரங்களும் இரத்தினக்கல் குழிகளும் சூழ்ந்த எஹலியகொடவைக் கடக்கும் ஏதேனும் ஒரு பஸ்ஸில், மடியில் தடித்த புத்தகம், காதில் கம்பி, உதடுகளில் ஓசையற்ற ஜபம் ஆகிய மூன்று லட்சணங்களும் பொருந்திய ஓர் இளைஞரைக் கண்டால், யாரோ தபஸ்வி என்று எண்ணிக் கைகூப்பிவிடாதீர்கள். அவர் ஐயெல்ட்ஸ் என்னும் ஆங்கிலப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர். அப்பரீட்சையை எழுதியவர்கள் ஊரில் சிலர் உண்டு, எழுதப் போகிறவர்கள் பலர் உண்டு. இவரோ ஆயத்தமாவதையே பிரம்மசரியம் முதலான நான்கிற்கும் அப்பாற்பட்ட ஐந்தாவது ஆசிரமமாக ஏற்றுக்கொண்டவர்.

1989 இல் தோன்றிய அந்தப் பரீட்சையைப் பற்றி அவர் அறியாதது யாதொன்றுமில்லை. கேட்டலுக்கு 30 நிமிடத்தில் 40 வினாக்கள், வாசித்தலுக்கு 60 நிமிடத்தில் மேலும் 40, எழுத்துக்கு இன்னும் 60 நிமிடம், சம்பாஷணைக்கு 11 முதல் 14 நிமிடம் என்று, சந்தித் தேநீர்க்கடையில் வினவுவோர்க்கெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் சரமாரியாக விளக்குவார். அதையே ஆங்கிலத்தில் விளக்கும்படி கேட்பது மாத்திரம் நாகரிகமன்று. பெறுபேறு இரண்டு வருஷங்களுக்கே செல்லும் என்பதையும் அவர் அறிவார். எழுதினவர்களின் கீர்த்தி காலாவதியாகிவிட, எழுதாத அவருடைய கீர்த்தி மட்டும் அன்றுபோல் இன்றும் இருக்கிறது.

“தம்பி, சோதன எப்ப எழுதப் போறீங்க?” என்று கடைக்காரர் கேட்டால், “பேஸ் இன்னும் சரியில்லண்ணே, பேஸ் சரியானா அடுத்த மாசமே எழுதிறலாம்” என்பது மாறாத விடை. ஒலிப்பதிவை ஒரே தடவைதான் கேட்க விடுவார்கள் என்னும் விதியை வீட்டிலும் அனுசரித்து அப்பியாசம் செய்கிற இவருக்கு, தண்ணீர் எடுத்துவரும்படி தாயார் சுத்தத் தமிழில் நான்கு தடவை சொன்னாலும் விளங்குவதில்லை.

இதற்கிடையில் உலகம் இவருக்காகக் காத்திருக்கவில்லை. முதியோரைப் பராமரிக்கும் உத்தியோகத்துக்குப் பிரித்தானியா 2022 பெப்ரவரியில் விசாக் கதவைத் திறந்து, பி-1 என்னும் இடைநிலை ஆங்கிலமே போதும், அதாவது ஐயெல்ட்ஸில் ஒவ்வொரு பிரிவிலும் 4 எடுத்தாலே போதும் என்றபோது, பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த இலங்கையெங்கும் எழுந்த அதே உற்சாகத்தில்தான் இவரும் புத்தகம் வாங்கினார். புத்தகத்துக்கு அட்டை போட்டு, வகுப்புக்கு வகுப்பு மாறி, ஒவ்வோர் ஆசிரியரின் டிப்ஸையும் முந்தையவரின் டிப்ஸோடு ஒப்புநோக்கி ஆராய்ந்துகொண்டிருக்கையில், 2025 ஜூலையில் அந்தக் கதவு அடைபட்டது. 2026 ஜனவரியில் ஏனைய திறன்சார் உத்தியோகங்களுக்கும் தரம் பி-2 ஆக உயர்ந்தது. பிறர் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, “நல்லவேளை நான் எழுதல, எழுதியிருந்தா காசு வீணாப் போயிருக்கும்” என்று பெருமூச்சு விட்டவர் இவர் ஒருவரே.

அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒன்றை மறக்கலாகாது. விடியற்புறத்தில் றப்பர் பால்வெட்டுக்குப் போகும் தாயாரின் ஒரு மாதச் சம்பளம் பரீட்சைக் கட்டணத்துக்குப் போதாது; மழை பெய்தால் பால்வெட்டும் இல்லை. எனவே இவருடைய ஒத்திவைப்பில் பாதி பயம், பாதி தயை.

ஆனால் எழுத்துத்தாளின் முதல் வினாவாகிய கடிதத்தில் இவர் காட்டும் பிரயத்தனம் அபாரமானது. இலண்டன் வாடகை வீட்டில் வெப்பமூட்டும் கருவி பழுதாயிற்றென்று, கண்ணால் காணாத வீட்டுக்காரருக்கு, பணிவும் கண்டிப்பும் ஒருங்கே துலங்க, 150 சொற்களுக்குக் குறையாமல் முறைப்பாடுகள் எழுதிக் குவித்திருக்கிறார். எழுதுகையில் சப்ரகமுவ மழை கொட்டி, லயத்துக் கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக நீர் சொட்டி மை கரைந்தால், காகிதத்தைச் சற்றே நகர்த்தி வைத்துக்கொண்டு, குளிரில் நடுங்கும் தம் கற்பனைக் குடித்தனத்துக்காக மேலும் வாதாடுவார். இந்தக் கூரையைப் பற்றித் தோட்டத்துத் தொரைக்கு ஒரு கடிதம் எழுதலாமே என்றால், “அதுக்கு யாருண்ணே மார்க் போடுவாங்க?” என்பார்.

கிழமைச் சந்தையில் மரக்கறி விலை பேசிப் பேசியே சிங்களத்தைக் கற்றுக்கொண்டவர் இவர். அதற்கு டிப்ஸ் சொன்ன ஆசிரியர் எவருமில்லை, பிழையாகப் பேசிய நாட்களில் சிரித்த வியாபாரிகளே இருந்தார்கள். காரியம் இருந்த இடத்தில் பாஷை வந்தது. பரீட்சை இருக்கும் இடத்தில் ஆயத்தம் மட்டுமே வந்துகொண்டிருக்கிறது. ஆகையால், இத்தகைய தம்பி ஒருவர் உங்கள் லயத்திலும் இருப்பாராயின், அவருக்கு இன்னொரு புத்தகம் வாங்கிக் கொடுக்காதீர்கள். கூரையைப் பற்றித் தொரைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். 150 சொற்கள் போதும், கட்டணம் கிடையாது, தகரம் வந்து சேர்ந்தால் சித்தி.