மருமவன் நெஞ்சுக்குள்ள ஒரு பாஸ்வேர்டு

வாரும்வே மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரும். கம்ப்யூட்டரப் பத்தி எனக்கு என்ன தெரியும், நான் வயக்காட்டுல கிடந்தவன். எம்மவ போன்ல மூக்கச் சிந்தினா, அதான் ரெண்டு வார்த்தை.

வீட்டுக்கு ஒரே பெட்டி. அதுல லினக்ஸப் போட்டு, பொஞ்சாதிக்கு ஒரு கணக்கு, பயலுக்கு ஒண்ணு, சின்னக்குட்டிக்கு ஒண்ணுன்னு பிரிச்சு விட்டுருக்கீரு. நல்ல காரியம். அட்மின் பாஸ்வேர்டு மட்டும் உம்ம நெஞ்சுக்குள்ள. அதுவும் நல்ல காரியந்தான். ராத்திரி பய ‘ஷட் டவுன்’ அமுக்குதான், அப்பா பாஸ்வேர்டக் கொண்டான்னு பெட்டி கேக்கு. அப்பா எங்க? டீக்கடையில. பய என்ன செய்வான், செவத்துல இருக்க சுவிட்சத் தட்டிட்டுப் போய்ப் படுத்துட்டான். அந்தச் சுவிட்சுக்கும் ஒரு பாஸ்வேர்டு வச்சிருக்கலாம்லா? மறந்துட்டீரு போல.

கரண்ட அறுத்தா என்ன ஆவும்னு கேளும். சேவ் பண்ணுனதெல்லாம் அந்த நிமிசமே டிஸ்க்குல போய் உக்காராது, கொஞ்ச நேரம் மெமரியில நின்னுட்டுத்தான் போவும். ஈஎக்ஸ்டி4ங்கிற ஃபைல் சிஸ்டம், ஜர்னல்னு ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்கதால எந்திரிச்சு நின்னுக்கிடும். ஆனா எம்மவ தன் கணக்குல தெறந்து போட்டிருந்த மகளிர் குழு வரவுசெலவு இருக்கே, அதுல கடைசியா அடிச்ச வரியெல்லாம் எந்த ஜர்னல்லயும் கிடையாது. அவ அழுதது அதுக்குத்தான்.

அணைக்கிற அதிகாரத்த ரூட்டுங்கிற பெரிய அட்மின் கையில குடுத்தவன் மடையன் இல்ல. அந்தக் காலத்து யூனிக்ஸ் மெஷின்ல ஒரே நேரத்துல பல பேரு டெர்மினல் போட்டு வேலை பாத்தான். ஒருத்தன் அணைச்சா அத்தன பேரு பொழப்பும் போச்சு. பின்னால பழைய லினக்ஸ்ல பெட்டிய எழுப்பி அணைக்கிற சிஸ்வி இனிட்டுல ‘ஷட்டவுன்.அலோ’ன்னு ஒரு ஃபைல் உண்டு. கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட்டத் தட்டி அணைக்கலாம்னு யார் யார விடுதமோ, அவுக பேர எழுதி வைக்கலாம், 32 பேரு வரைக்கும். உம்ம வீட்டுல மொத்தமே நாலு பேரு, அதுல மூணு பேர நம்ப மாட்டேங்கீரு.

இப்ப அந்த ஃபைலும் வேண்டாம். பெட்டிய நடத்துற சிஸ்டம்டியும் அனுமதி பாக்குற போல்கிட்டும் பேசி வச்சிருக்கு: முன்னால உக்காந்திருக்க ஆளு மட்டும் லாகின்ல இருந்தா, ஒண்ணுங் கேக்காம அணைச்சிரும். வேற ஆளு கணக்கும் தெறந்து கிடந்தா, உம்ம பெட்டி மாதிரி அமைச்சு வச்சிருக்க பெட்டி அட்மினக் கேக்கும். அப்ப பயகிட்ட ஏன் கேட்டுச்சு? எம்மவ கணக்கு தெறந்து கிடந்துச்சுன்னு சொல்லுவீரு. சரி. அது கிடக்கட்டும், தினம் ராத்திரி கேக்குதாமே? யாரோ ஒரு மவராசன் லாக் அவுட் பண்ணாம ‘ஸ்விட்ச் யூசர்’ அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிடுதாராம். யாருன்னு நான் சொல்ல மாட்டேன். மீசை உண்டு.

சண்டை வந்ததும் நீரு செஞ்ச வைத்தியம் இருக்கு பாரும், பயலத் தூக்கி, ரூட்டு அதிகாரம் குடுக்குற சுடோ குரூப்புல சேத்துட்டீராம்! கோழிக்குத் தீனி எடுக்கக் குதிர்ச் சாவியவே குடுத்த கதை. அவன் இப்ப ரூட்டு. நீரு போட்ட நேரக் கட்டுப்பாட்ட எடுக்கலாம், தங்கச்சி படத்த அழிக்கலாம், உம்ம பாஸ்வேர்டயே மாத்தலாம். போன வாரம் உம்ம வால்பேப்பர்ல எருமை வந்து நின்னுச்சே, தானா வந்துச்சுன்னா நெனச்சீரு?

முதல்ல அவன அதுலருந்து எடும். சுடோதான் வேணும்னா, சுடோ விதியத் திருத்துற விசுடோ வழியாப் போயி ஒத்த வரி எழுதும். எழுத்துப்பிழை இருந்தா அது மூடுறதுக்கு முன்னாலயே சொல்லிரும். ஷட்டவுன் கட்டளைக்கு மட்டும், முழுப் பாதையோட அனுமதி. சொந்தமா ஸ்கிரிப்ட் எழுதி, அத பயலும் திருத்தலாம்னு விட்டு வச்சீருன்னா, அதுல அவன் என்ன எழுதுவான்னு உமக்கே தெரியும், உம்ம ரத்தம்லா. ஆனா சுடோ வழியாப் போனா, உள்ள வேற ஆளு இருக்காகன்னு போல்கிட் மறிக்காது. அதனால எனக்கு அது பிடிக்கல. போல்கிட்டுலயே, வேற ஆளு இருந்தாலும் அணைக்கலாங்கிற அந்த ஒத்த அனுமதிய மட்டும் ஒரு ஆளுக்குக் குடுத்தாப் போதும். எம்மவளுக்குக் குடும். மகளுக்காகப் பேசுதேங்கீரா? ஆமா, பின்ன ஊராருக்கா பேசுவேன்?

பிள்ளைககிட்ட இன்னொண்ணும் சொல்லி வையும். பெட்டியில பவர் பட்டன லேசா ஒரு தட்டுத் தட்டினா, அது ஒழுங்கா மூடப் பாக்கும், இல்ல என்ன செய்யன்னு கேக்கும். நாலு செகண்டுக்கு மேல அமுக்கிப் பிடிச்சா, செவத்துச் சுவிட்சத் தட்டினதும் இதுவும் ஒண்ணுதான்.

அந்தப் போல்கிட் அனுமதிய எழுதுற ரூல் ஃபைலு எங்க வைக்கணும்னு முழிக்காதீரும். பயகிட்டக் கேளும். அவன் சுடோவுல சேந்த அன்னிக்கே எழுதி வச்சுட்டான், அவன் பேருக்கு.