மனசா? வாயுவா இருக்கும்

நாகர்கோவில்காரர்களுக்குக் கூடிப் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஜவுளிக்கடை நடத்திய சுந்தர ராமசாமியின் வீட்டில் இலக்கிய நண்பர்கள் பல்லாண்டு காலம் கூடிக் கூடிப் பேசினார்கள். கதைக்குச் சுந்தர ராமசாமி, கவிதைக்குப் பசுவய்யா. ஒரே ஆளுக்கு இரண்டு அடையாளம், யாரும் ஆதார் கேட்கவில்லை. 1981இல் வந்த ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலில், பிறக்கவே பிறக்காத ஒரு மலையாள எழுத்தாளனுக்கு வாழ்க்கை வரலாறே அமைந்துவிட்டது. பிற்பாடு கிருஷ்ணன் நம்பி, ஜி. நாகராஜன் முதலான நண்பர்களைப் பற்றி ‘நினைவோடை’ வரிசையில் மனம் திறந்தார். மறுப்புக் கடிதம் எழுத அவர்கள்தான் இல்லை.

இன்றும் வடசேரி டீக்கடையில் கலை பேசலாம். மலையாளப் படத்தை வைத்துத் தமிழ்ப் படத்தை அடிக்கலாம். நீ நாஞ்சில் நாடா, வேணாடா என்று அடையாளச் சண்டை போடலாம். "மனசு செரியில்ல மக்கா" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

"வாயுவா இருக்கும்லே. பூண்டு ரசம் குடி."

ரசத்துக்கு அடங்காவிட்டால் ஜாதகம். அதற்கும் அடங்காவிட்டால் கல்யாணம். ஏற்கெனவே கல்யாணமானவனா? சுசீந்திரம் ஆஞ்சநேயருக்கு வடைமாலை.

சட்டம் மட்டும் இதை வாயு என்று விடவில்லை: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லிவிட்டது. டீக்கடைக்கு அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை. 14416க்குக் கூப்பிட்டால் அரசின் டெலி மானஸ் மனநலச் சேவையில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ரசம் குடித்த பிறகாவது கூப்பிடுங்கள் அண்ணாச்சி.