கையொப்ப மான்மியம்

எங்களூர் அதிகாரி ஒருவருடைய மின்னஞ்சல் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும், கையொப்பந்தான் முடியாது. "ஐயா, தங்கள் மடல் கிடைத்தது, ஆவன செய்யப்படும்" என்று பரம சிக்கனமாகச் சொல்லிவிட்டு, அதன்கீழே தம் நாமத்தைத் தடித்த எழுத்திற் பொறித்து, பி.எஸ்ஸி. (யாழ்ப்பாணம்), பட்டப்பின் டிப்ளோமா, எம்.பி.ஏ., எம்.பில். (வாசிப்பில்), பி.எம்.பி., சிக்ஸ் சிக்மா பச்சைப் பட்டி, அகில இலங்கைச் சமாதான நீதவான் என்று படிப்படியாக இறங்கி, ஈற்றில் மரங்களைக் காக்கும்பொருட்டு இம்மடலை அச்சிடவேண்டாமென்று பச்சை எழுத்திற் பிரார்த்திப்பார். கந்தோர்க் கோவைக்காக அச்சிட்டே தீரவேண்டியவர்களுக்கு, அந்தப் பிரார்த்தனை மாத்திரம் தனியாக இரண்டாந் தாளில் வந்து விழும்.

இப்பரிவாரத்துள் என் அபிமானத்துக்குரியது, அடைப்புக்குறிக்குள் வீற்றிருக்கும் அந்த 'வாசிப்பில்' என்பதே. பெறாத பட்டத்தையும் முற்பணமாக அனுபவிப்பதற்கு நம் நாட்டுக் கல்விமான்கள் கண்டுபிடித்த உபாயம் அது. மூத்த மகள் முன்பள்ளிக்குப் போன காலத்தில் அக்குறிக்குள் ஏறிய சொல், அவள் சாதாரணதரப் பரீட்சையை எழுதி முடித்து, உயர்தரத்துக்குக் கணிதமா உயிரியலா என்று வீட்டில் விவாதம் நடக்கும் இந்நாளிலும் இறங்குவதாயில்லை. இடையில் ஆய்வுப் பொருள் மாறிற்று, மேற்பார்வையாளர் இளைப்பாறிவிட்டார், அடைப்புக்குறி மாத்திரம் சிரஞ்சீவியாக நிற்கின்றது. சித்திவிநாயகர் கோவில் வாசலில் ஒருநாள் விசாரித்தேன். "வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன் அண்ணை, எழுதத்தான் நேரமில்லை" என்றார். அவருடைய மறுமொழிகளின் நீளத்தை அறிந்தவர்கள் இதை ஐயுறார்.

பி.எம்.பி. என்பதோ மூன்று வருஷத்துக்கொருமுறை, 60 அலகு தொழில்விருத்திப் பயிற்சியைக் காட்டிப் புதுப்பிக்கவேண்டிய சான்றிதழ். தவறினால் வாகன வரிப்பத்திரம்போலக் காலாவதியாகும். அவருடையது எந்நிலையில் உள்ளதென்று கேட்கும் தைரியம் கந்தோரில் எவருக்குமில்லை.

பட்டமோகம் நமக்குப் புதிதன்று. 1857 இல் ஸ்தாபிக்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தாரே. தாமோதரம்பிள்ளையவர்களும் பெயருக்குப்பின் பி.ஏ., பி.எல். என்று போட்டுக்கொண்டவர்தாம், ஆனால், செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றிய ஒருவருக்கு, முகப்பில் இரண்டு பட்டம் அதிகமென்று யார் சொல்லுவர்? பட்டத்தோடு புத்தகமும் இருந்தது. நம்மவரிடம் இருப்பது முகப்பு மாத்திரம்.

இவ்வளவு சொன்னாலும், அம்மனிதரை முற்றாக வெறுக்க எனக்கு முடிவதில்லை. கையொப்பம் நான்கு வரிக்கு மேற்படாதிருப்பது நன்று என்று கூறும், இணைய நன்னடத்தைக்கான ஆர்.எப்.சி. 1855 என்னும் வழிகாட்டி வெளியானது 1995 ஒக்ரோபரில். அதே மாதம் 30 ஆந் திகதி இரவு, போரால் இடம்பெயர்ந்த வலிகாமத்துச் சனம் முழுவதும் கொட்டும் மழையிற் கண்டி வீதியில் நெருக்குண்டு, அரியாலையைக் கடந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது; வீட்டையும் மாட்டையும் விட்டுப் புறப்பட்ட பெற்றோர் பலர் பொலித்தீன் பையிற் சுற்றி மடிக்குள் வைத்துக் காத்தது பிள்ளைகளின் சான்றிதழ்களையே. ஜாம் போத்தல் விளக்கிற் படித்துப் பெற்ற கடதாசியை, அவ்வாறு காத்துக் கொண்டுவந்தவர்களுள் இவருடைய தாயாரும் ஒருவர். அத்தகைய கடதாசியை ஒருவர் கொஞ்சம் உரத்துத்தான் வாசிக்கட்டுமே என்று மனம் இளகுவதுண்டு.

ஆனால் என் ஒழுங்கையின் வெள்ளவாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. சென்ற மாரியில் வெள்ளம் படலையைக் கடந்து குசினிவரை வந்தது, அயற்கிணறுகள் கலங்கின, பள்ளிப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு போயினர். இதை நான் அவருக்குப் படத்தோடு எழுதியனுப்பினேன். ஆவன செய்யப்படுமென்று, சகல பட்டங்களும் சூழ, மறுமொழி வந்தது. மீண்டும் எழுதினேன், அதே வாக்கியம், அதே பரிவாரம். மண்வெட்டியோடு ஓர் ஆளும் வரவில்லை. ஐப்பசி மழைக்கு முன் அவ்வாய்க்காலை வெட்டுவிப்பீர்களா, மாட்டீர்களா? வெட்டுவிப்பதானால் 'ஓம்' என்றெழுதி, பெயரின் முதலெழுத்தை மாத்திரம் இட்டனுப்பினாலும் இவ்வொழுங்கையில் எவரும் உங்களைக் குறைவாக நினையார்.