விற்ற பிறகும் விடாத கை

காசை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, 'சரக்கு இன்னும் என்னுடையதுதான்' என்று சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டும். அமெரிக்காவின் பாப்ஸ்-மெரில் பதிப்பகத்துக்கு அது தாராளமாக இருந்தது. 'தி காஸ்ட்அவே' என்ற நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று புத்தகத்திலேயே அச்சடித்து மிரட்டியது. மேசிஸ் கடைக்காரர்கள் அசரவில்லை. 89 சென்ட்டுக்கு விற்றார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908இல் தீர்ப்பு வந்தது: ஒருதடவை விற்றாயிற்றா, அதோடு உன் ஜோலி முடிந்தது.

முடிந்ததா? பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகும் மாப்பிள்ளை வீட்டுத் திண்ணையிலேயே குடியிருக்கும் மாமனாரைப்போல, வீடியோ கேம் கம்பெனிகள் வந்து உட்கார்ந்தன.

ஜப்பானில் கேப்காம், கோனாமி போன்றவை பழைய கேம் விற்கும் கடைகள்மீது பாய்ந்தன. அந்நாட்டுச் சட்டப்படி சினிமாப் பிரதிகள் யார் கைக்குப் போகலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தயாரிப்பாளருக்கு உண்டு. 'எங்கள் கேமும் சினிமாதான் எஜமான்' என்றார்கள். 1999இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 'சினிமா இல்லை' என்றது. அதே வருடம் ஒசாகா நீதிமன்றம் 'சினிமாவேதான்' என்றது. 2002 ஏப்ரலில் ஜப்பான் உச்ச நீதிமன்றம், 'சினிமாதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் முதல் விற்பனையோடு அந்த உரிமையும் தீர்ந்தது' என்றது. வாதம் ஜெயித்தது, வழக்கு தோற்றது.

கோர்ட்டில் நடக்காததை மெஷினுக்குள் நடத்திப் பார்த்தது மைக்ரோசாஃப்ட். 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற தன் கேம் மெஷினுக்கு அது வகுத்த விதிகள் ஹாஸ்டல் வார்டனையே வெட்கப்படுத்தும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்டர்நெட்டில் ஆஜர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் கிடையாது. பழைய கேமைக் கடையில் தள்ள வேண்டுமா, தயாரித்த கம்பெனி மனம் வைக்க வேண்டும். நண்பனுக்குக் கொடுக்கலாம், ஒரே ஒருமுறை. அவன் உங்கள் நட்புப் பட்டியலில் 30 நாளாவது இருந்திருக்க வேண்டும். நட்புக்கே சர்வீஸ் பார்த்த முதல் கம்பெனி! இன்டர்நெட் இல்லாதவர்களுக்குப் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்று ஆறுதல் வேறு சொன்னார் அதிகாரி டான் மேட்ரிக்.

ஜூன் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இ3 வீடியோ கேம் கண்காட்சி மேடையில் சோனியின் ஜாக் ட்ரெட்டன் ஏறி, தங்கள் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) மெஷினில் பழைய கேமுக்குத் தடை இல்லை என்றார். அரங்கம் அதிர்ந்தது. விலையும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னைவிட 100 டாலர் குறைவு. போதாக்குறைக்கு, கேமைப் பகிர்வது எப்படி என்று சோனி ஒரு விளக்கப்படமும் விட்டது: ஒருவர் பெட்டியை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். படம் முடிந்தது. ஜூன் 19இல் மைக்ரோசாஃப்ட் மொத்த விதிகளையும் சுருட்டி வைத்தது.

ரசிகர்கள் வெற்றி விழா கொண்டாடினார்கள். கம்பெனிகள் அலட்டிக்கொள்ளாமல் டிஸ்க்கையே எடுத்துவிட்டன. 2019இல் டிஸ்க் போட வழியில்லாத எக்ஸ்பாக்ஸ் வந்தது. 2020இல் அதேபோல ஒரு பிஎஸ்5ஐ இறக்கியது, விளக்கப்படம் எடுத்த அதே சோனி. டவுன்லோடு செய்த கேமை எந்தக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்?

ஆகவே 'வாங்கு' பொத்தானை அழுத்துமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: அலுத்துப்போனால் இதை விற்க முடியுமா? முடியாதென்றால் அது வாடகை. வாடகைக்கு என்ன கொடுக்கலாமோ அதை மட்டும் கொடுங்கள்.